பழைய பைத்தானா, புதிய பைத்தானா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. 1970களில் கோல்ட் நிறுவனம் செய்த பைத்தான் ரிவால்வர் ஒன்றை 2,800 டாலருக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். புதிய பைத்தான் கடையில் 1,500-ஐ ஒட்டிக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? 17 தோட்டா பிடிக்கும் பிஸ்டல் 600 டாலருக்கு வரும் காலத்தில், ஆறு தோட்டா ரிவால்வரை மறுபடி செய்வதற்கே அர்த்தம் உண்டா?

பதில்: சுடுவதற்கு என்றால் புதியது. பழையது அலமாரியில் வைத்து ரசிக்க.

1955-ல் வந்த பைத்தானின் பெருமையே அதன் சிக்கலும். உள்பாகங்களை ஃபிட்டர் ஒருவர் அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவார். அந்தக் கூலி கட்டுப்படியாகாமல் போனது. 2005-ல் தயாரிப்பு நின்றது. 2020-ல் திரும்பி வந்தது தோற்றத்தில்தான் பழசு. உள்ளே பாகங்கள் குறைவு, இயந்திரத்தில் கடைந்தவை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழையதை அச்சுப் பிசகாமல் செய்திருந்தால் இந்த விலைக்கு வந்தே இருக்காது. கோப்ரா 2017, கிங் கோப்ரா 2019, பைத்தான், 2021-ல் அனகோண்டா என்று கோல்ட் ரிவால்வர்களை வரிசையாக இறக்கியதும் இந்தக் கணக்கில்தான். பிஸ்டலோடு எண்ணிக்கையில் போட்டி போட அல்ல.

பழையதில் முதலில் தேய்வது ‘ஹேண்ட்’ என்ற சின்னத் துண்டு. ட்ரிகர் இழுக்கும்போது, தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரின் பின்பற்களைத் தள்ளிச் சுழற்றுவதும், சுடும் நொடியில் அசையாமல் அழுத்திப் பிடிப்பதும் அதுதான். அதன் முனை தேய்ந்தால் டைமிங் தப்பும். அறை பேரலுக்கு நேராக நிற்காது. குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத்துகள் பக்கவாட்டில் தெறிக்கும். சரிசெய்யத் தெரிந்த கைகள் இன்று குறைவு.

வாங்கியே தீருவேன் என்றால், ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள். சிலிண்டரை ஒரு விரலால் லேசாக உரசிப் பிடித்துக்கொண்டு ஹேமரை (பின்பக்கச் சுத்தியலை) மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் மாட்டுவதற்கு முன்பே, அல்லது மாட்டும் அதே நேரத்தில், சிலிண்டர் ‘க்ளிக்’ என்று பூட்ட வேண்டும். ஓர் அறையில் பிந்தினாலும் விலை பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். அடுத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்): சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடைவெளி 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருக்கட்டும். சிலிண்டரின் முன்பின் ஆட்டம் 0.003 அங்குலத்தைத் தாண்டினால் யோசியுங்கள்.

புதியதும் குறையற்றதல்ல. 2020-ன் தொடக்கத்தில் வந்தவற்றில் சிலிண்டர் சுழலாமல் நிற்பது, ஹேமர் அடி பலவீனமாக விழுவது என்று புகார்கள் எழுந்தன. அந்தத் தொடக்கத் துப்பாக்கி செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தால், சரிசெய்ய ஆலைக்குப் போய் வந்ததா என்று கேளுங்கள்.

பைத்தானுக்கு உரிய தோட்டா .357 மேக்னம்; அந்த அறையில் விலை குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். பயிற்சிக்கு அதுவே நல்லது. தோட்டா நீளம் குறைவு என்பதால் அறைக்குள் கரி வளையமாகப் படியும். வெண்கல பிரஷ் போட்டுத் தேய்க்காவிட்டால், பின்னர் .357 உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும்.

இடுப்பில் சுமக்க மட்டும் இதை வாங்காதீர்கள். 4.25 அங்குல பேரல் வைத்ததே கிட்டத்தட்ட 1.2 கிலோ. அந்த வேலைக்கு நீங்கள் சொன்ன 600 டாலர் பிஸ்டலே போதும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நானும் ஒன்று வாங்கலாமா?

பதில்: பொதுவாக முடியாது. குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் அடக்கம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். துப்பாக்கி வாங்குபவர் நிரப்பக் கடையில் தரும் 4473 படிவத்தில் பொய் எழுதினாலும், கிரீன் கார்டு நண்பரை உங்களுக்காக வாங்கச் சொன்னாலும் குற்றம். இரண்டாவதில் நண்பரும் மாட்டுவார்.