அப்பாவுக்கு வாய்ப்புற்று என்றால் மகனுக்கும் வருமா?

கேள்வி: திருகோணமலையில் கடற்தொழில் செய்யும் என் அப்பாவுக்கு வாய்ப்புற்றுநோய். எனக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது. பெண் வீட்டார் "இது பரம்பரையில் ஓடும் வியாதி, கடற்கரைச் சனத்துக்கு இரத்தத்திலேயே உண்டு" என்று பின்வாங்குகிறார்கள். அப்பாவின் விகாரம் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா?

வராது, தம்பி. அப்பாவின் கன்னத்தில் நேர்ந்த விகாரங்கள், அதாவது டிஎன்ஏ எழுத்தில் விழுந்த பிழைகள், அவருடைய கன்னத்தோடு சரி.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். டிஎன்ஏ என்றால் பிறக்கும்போது எழுதப்பட்டது, சாகும்வரை உடம்பு முழுக்க அதே எழுத்து என்றுதான் மாணவர்களும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உடம்பின் கலம் (செல்) ஒன்று பிரியும்போதெல்லாம் சுமார் அறுநூறு கோடி எழுத்துகளைப் பிரதி பண்ண வேண்டும். சில பிழைகள் தப்பிவிடும். வெயிலும் புகையும் மேலும் சிலவற்றைச் சேர்க்கும். 2015இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கண் இமைத் தோலை ஆராய்ந்தார்கள். நோய் எதுவும் இல்லாத தோல். ஆனாலும் கிட்டத்தட்ட நாலில் ஒரு கலத்தில் புற்றுநோய்க்கு வழிவிடும் விகாரம் ஏதாவது ஒன்று இருந்தது. இவைதான் உடற்கல விகாரங்கள். உங்களிடமும் இருக்கின்றன, பெண்ணின் தகப்பனாரிடமும் தாராளமாக இருக்கும்.

இனி அப்பாவின் விஷயம். அவர் வெற்றிலை போடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்ந்த அந்த உருண்டை, அநேகமாக எப்போதும் ஒரே பக்கக் கடைவாயில்தான் அடங்கியிருக்கும். இரவுத் தொழிலில் நித்திரையை விரட்ட அதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 2004இல் தெளிவாக அறிவித்துவிட்டது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் வேதிப்பொருட்கள் டிஎன்ஏயைச் சிதைக்கும் மூலக்கூறுகளைப் பிறப்பிக்கின்றன. அந்த இடத்துத் தோல் புண்பட்டு, ஆறி, மறுபடி புண்படும். ஆறுவதற்காகக் கலங்கள் பிரியப் பிரியப் பிழைகளும் குவியும். முதலில் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படை. சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் முன்போல் திறக்காது. சோற்றுக் கவளத்தைச் சின்னதாக உருட்டித்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். கலப்பிரிவை அடக்கிவைக்கும் பி53 போன்ற பரம்பரையலகுகள் ஒரு கலத்தில் கெட்டுப்போனால் அது கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கும்.

பிள்ளையை உண்டாக்குவது கன்னத்துக் கலம் அல்ல. விந்தும் முட்டையும் வரப்போகும் கலவழி, கரு உருவான சில வாரங்களிலேயே மற்றவற்றிலிருந்து பிரிந்துவிடுகிறது. கன்னத்தில் நடந்தது அங்கே போய்ச் சேர வழியே இல்லை. அந்தக் கலவழியிலும் பிழைகள் நேரும் என்பது உண்மைதான்: பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய விகாரங்கள் சுமார் 60, 70 இருக்கும். பெரும்பாலானவை தகப்பன் வழி வருபவை. தகப்பனின் வயது ஓர் ஆண்டு கூடினால் ஒன்றிரண்டு கூடும். அநேகமானவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. கலியாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறவர்கள் வேண்டுமானால் இதை யோசிக்கலாம்!

"கடற்கரைச் சனத்துக்கு இரத்தத்திலேயே உண்டு" என்ற பேச்சுத்தான் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. உலகின் பல சமூகங்களின் டிஎன்ஏயை ஒப்பிட்ட ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டார்கள். 26 சமூகங்கள், 2,504 பேர். மனிதருக்கிடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு ஒவ்வொரு சமூகத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் லெவொன்டின் 1972இல் கணக்கிட்டது இன்றும் நிற்கிறது. திருகோணமலைத் தெருவொன்றில் உறவில்லாத இருவரை நிறுத்தினாலும் இலட்சக்கணக்கான எழுத்துகளில் வேறுபடுவார்கள். அப்படியிருக்க, ஒரு சனம் முழுவதுக்கும் ஒரே இரத்தம் எங்கே? சந்தேகமிருந்தால் தைவானையும் பப்புவா நியூகினியையும் பாருங்கள். நமக்கும் அவர்களுக்கும் வம்சத் தொடர்பு வெகு தூரம்; பாக்கு மெல்லும் பழக்கம் மட்டும் பொது. வாய்ப்புற்று அங்கேயும் பெரும் தொல்லை.

பரம்பரையாக வரும் புற்றுநோயே கிடையாது என்று நான் சொல்லவில்லை. தாய்க்கும் சித்திக்கும் இளவயதிலேயே மார்பகப் புற்று என்று நீங்கள் எழுதியிருந்தால், முதலில் வைத்திய ஆலோசனை பெறுங்கள் என்றே சொல்லியிருப்பேன். குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றும் சிலருக்கு அப்படித்தான்: ஒரு பரம்பரையலகின் பழுதான பிரதி பெற்றோரிடமிருந்து வந்திருக்கும், கண்ணின் கலத்தில் மற்றப் பிரதியும் கெடும்போது கட்டி உண்டாகும். வெற்றிலை போட்டவருக்கு முதிர்ந்த வயதில் வந்த வாய்ப்புற்று இந்த வகையில் சேராது. அப்பாவிடமிருந்து உங்களுக்கு வரக்கூடியது வெற்றிலைத் தட்டம்தான், அதைத் தொடாதீர்கள்.

பெண் வீட்டாருக்குப் பரம்பரை பற்றி உண்மையாகவே அக்கறை இருந்தால், இரண்டு பேரும் பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்கு இரத்தம் சோதித்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். இலங்கையில் அதன் காவிகள், அதாவது பழுதான ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள், பலர் தங்களுக்கே தெரியாமல் சுகமாகத் திரிகிறார்கள். இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு அந்த நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. அதுவும் மச்சாள் முறையில் பேசிய சம்பந்தம் என்றால், நாள் குறிக்க முன்பே செய்துவிடுங்கள்.