ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்குச் சமூக ஊடகம் நல்லதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் அப்பா, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபிறகு போனே கதி என்று இருக்கிறார், தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்காதீர்கள். சீருடையைக் கழற்றியபின் வரும் தனிமை கொடியது. பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழு அதற்கு நல்ல துணை.

ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஒரு சிக்கல் உண்டு. 1994-இல் நிறவெறி அரசின் படையையும், அதை எதிர்த்துப் போராடிய எம்.கே. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவு) போன்ற படைகளையும் ஒரே ராணுவமாக இணைத்தார்கள். 'நீ அன்று எந்தப் பக்கம்?' என்ற சண்டை ஃபேஸ்புக்கில் எளிதாகக் கிளம்பிவிடும். எந்தப் பக்கம் நின்றவருக்கும் வலி உண்டு. கோபத்தில் எழுதிய வரியை, நாளை செக்யூரிட்டி வேலைக்கு எடுப்பவரும் பார்க்கலாம்.

என் பெரிய கவலை மோசடிதான். சீருடைப் படத்தைத் திருடிக் காதல் வலை விரிப்பார்கள். 2011-ஆம் ஆண்டு முன்னாள் படைவீரர் சட்டப்படி வீடு, மருத்துவ உதவி வாங்கித் தருகிறோம் என்று அடையாள எண்ணும் வங்கி விவரமும் கேட்பார்கள். போனில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.