கைகளை ஆட்டுவது யார்?

கேள்வி: புவெனஸ் அயர்ஸ் நகரை வேற்றுக்கிரகப் படை தாக்கும் கதையான, அர்ஜென்டினாவின் ‘எல் எத்தெர்நவுத்தா’ காமிக்ஸை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். கொல்லும் வெண்பனி தீமையின் நிறம், நிறைய விரல்கள் கொண்ட ‘கைகள்’ என்ற வேற்றுக்கிரக உயிர்கள்தான் சாத்தான், நாயகன் ஹுவான் சால்வோவும் நண்பர்களும் நன்மை, கண்ணுக்குத் தெரியாத ‘அவர்கள்’ 1976-இன் ராணுவ ஆட்சி. நான் புரிந்துகொண்டது சரிதானே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை. நல்ல கதையைப் படித்திருக்கிறீர்கள், அதனால்தான் விரிவாகவே மறுக்கிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஓஸ்டர்ஹெல்ட் எழுதி சொலானோ லோபஸ் வரைந்த இந்தத் தொடர் 1957 முதல் 1959 வரை வந்தது. 1976-இல் வந்த ஆட்சியை அது எப்படிச் சுட்டியிருக்க முடியும்? 1977-இல் ராணுவம் ஓஸ்டர்ஹெல்டைக் கடத்திக்கொண்டு போனது, அவர் திரும்பவே இல்லை. அவருடைய நான்கு மகள்களும் அதே ஆட்சிக்குப் பலியானார்கள். இது தெரிந்தபின் படிக்கிற யாருக்கும் ‘அவர்கள்’ என்ற சொல் வேறு மாதிரிதான் கேட்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்த அர்த்தத்தை வரலாறு பின்னால் வந்து ஏற்றியது. எழுதியவர் வைத்தது எது, பின்னால் வந்து சேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்வதுதான் அந்த மனிதருக்கு நாம் காட்டும் மரியாதை.

அடுத்து பனி. புவெனஸ் அயர்ஸ் நகரம் 1918-க்குப் பிறகு நல்ல பனிப்பொழிவைப் பார்த்தது 2007-இல்தான். அதனால் 1957-இல் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு, தங்கள் தெருவில் பனி என்பதே நடக்காத காரியம். மாடியறையில் நாலு நண்பர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள், வெளியே ஒளிரும் துகள்கள் விழுகின்றன, பட்டவர்கள் அப்படியே சாய்கிறார்கள். தெரிந்த தெருவே அந்நியமாகிப் போவதுதான் அங்கே திகில். வெண்மை என்றால் தூய்மை, அல்லது அதன் தலைகீழ் என்கிற அகராதி இதற்கு உதவாது.

நண்பர்கள் மொத்தமாக நன்மை என்பதும் பொருந்தாது. அன்னியப் படை கண்ணில் படுவதற்கு முன்பே அவர்கள் பயப்படுவது பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துத்தான். இனி காட்டு நீதிதான் என்று நண்பர்களில் ஒருவரான ஃபவாலி எச்சரிக்கிறார். பாதுகாப்பு உடை ஒன்றுக்காக மனிதன் மனிதனைக் கொல்லத் தயாராகும் இடம் அது. நன்மை அங்கே யாருக்கும் பிறவிக்குணமாக வாய்ப்பதில்லை, சேர்ந்து நிற்கும்போதுதான் அது உண்டாகிறது. இந்தக் கதையின் நாயகன் தனி மனிதன் இல்லை, ஒரு கூட்டம் என்று பிற்காலத்தில் ஓஸ்டர்ஹெல்டே முன்னுரையில் எழுதினார். லேத் பட்டறைத் தொழிலாளி ஃபிராங்கோ எத்தனை முறை எல்லோரையும் காப்பாற்றுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது ‘கைகள்’. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். அன்னியப் படையின் ராட்சத வண்டுகள் தாக்குகின்றன, ஆனால் அவற்றின் பிடரியில் ஒரு கருவி. பிடிபட்ட மனிதர்களின் பிடரியிலும் அதே போல ஒன்று. அந்தக் கருவிகளை இயக்குபவை கைகள். சரி, கைகளை இயக்குவது எது? உடலுக்குள் வைக்கப்பட்ட ஒரு சுரப்பி. பயம் வந்தால் அது நஞ்சைக் கக்கும், அவ்வளவுதான். எசமானர்களான ‘அவர்களை’ எதிர்க்க நினைத்தாலே பயம் வரும், பயந்தாலே சாவு. அடிமைத்தனம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன அறிவியல் கற்பனையை நான் படித்ததில்லை. இதைப் போய்ச் சாத்தான் என்று முடித்துவிட்டால் கதையின் உயிரே போய்விடும்.

அப்படியானால் தீமையே கிடையாதா? உண்டு. ‘அவர்கள்’ வெறுப்பே உருவானவர்கள் என்று பிடிபட்ட ஒரு கையே சொல்கிறது. ஆனால் சொலானோ லோபஸ் அவர்களை ஒரு கட்டத்தில்கூட வரையவில்லை. முகம் கொடுத்திருந்தால் ஒரு நாட்டையோ ஒரு கட்சியையோ ஒட்டவைத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். வரைந்து காட்டப்படுவதெல்லாம் ஏவப்பட்டவர்கள் மட்டுமே.

பிடிபட்ட கை சாகும் பகுதியை மறுபடி எடுத்துப் படியுங்கள். நஞ்சு உடம்பில் ஏறிவிட்டது, இனிப் பயப்பட எதுவும் இல்லை, முதன்முறையாக அது மனம்விட்டுப் பேசுகிறது. சாதாரணக் காபிப் பாத்திரம் ஒன்றைப் பார்த்து, எவ்வளவு அழகு என்று வியக்கிறது. சற்று முன்பு வரை அதைக் கொல்லத் துடித்த சால்வோவும் நண்பர்களும் சுற்றி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.