யூரியா கலக்காமலேயே பாலில் யூரியா இருப்பதாகச் சோதனையில் வருமா? தீவனம் காரணமாக இருக்குமா?

வரும். எல்லாப் பசுவின் பாலிலும் இயல்பாகவே யூரியா உண்டு. நீங்களும் என்னைப்போல் கொள்முதல் நிலையத்தில் தலைகுனிந்து நின்றுவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன்.

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் நாங்கள் ஒன்பது கலப்பினப் பசுக்களை வளர்க்கிறோம். மூன்றாண்டுகளுக்கு முன், கொள்முதல் செய்பவர் குழாயில் மருந்தை ஊற்றி, பால் மஞ்சளித்ததைக் காட்டி, "உரம் கலக்குறீங்களா?" என்று பத்துப் பேர் எதிரில் கன்னடத்தில் கேட்டுவிட்டு, எனக்கு நன்றாக விளங்கட்டும் என்று தமிழிலும் ஒருமுறை கேட்டார். கலப்படமற்ற பாலும் அந்த மருந்தில் இலேசாக மஞ்சளிக்கும் என்பதும், 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் வரை யூரியாவைச் சட்டமே அனுமதிக்கிறது என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

வீம்புக்காக, ஒவ்வொரு பசுவின் பாலையும் தனிப் புட்டியில் எடுத்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். பால் யூரியா நைட்ரஜன், அதாவது பாலிலுள்ள யூரியாவில் அடங்கிய நைட்ரஜன், 100 மில்லிக்குச் சராசரியாக 23 மில்லிகிராம் என்று வந்தது, 2.14ஆல் பெருக்கினால் யூரியா ஏறக்குறைய 49 மில்லிகிராம். குற்றமில்லை, ஆனால் பொதுவாக 10 முதல் 16 வரை இருக்கவேண்டிய அந்த எண் 23 ஆனதற்கு, நான் அள்ளி அள்ளி வைத்த கடலைப் பிண்ணாக்கே காரணம். அதன் புரதம் அசையூண் வயிற்றில் விரைவில் அம்மோனியாவாக உடைகிறது. அதைத் தம் புரதமாக்கிக்கொள்ள அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு மாவுச்சத்து போதாதபோது, மிஞ்சியதைக் கல்லீரல் யூரியாவாக்க, அது இரத்தத்தின் வழியே பாலிலும் சிறுநீரிலும் கலந்து, பிண்ணாக்குக்குக் கொடுத்த காசும் அதோடு போய்விடுகிறது.

பிண்ணாக்கைப் பாதியாக்கி, மக்காச்சோள மாவைச் சேர்த்தேன். மூன்று வாரத்தில் எண் 15க்கு இறங்கியது, பால் குறையவில்லை. சினைப்பிடிப்பும் மேம்பட்டது, அதற்கு இதுதான் காரணம் என்று நான் வாதாடவில்லை, கால்நடை மருத்துவர்கள் பொறுத்தருள்க. தீவனம் தின்ற சில மணி நேரத்தில் அளவு ஏறி இறங்கும் என்பதால், எப்போதும் ஒரே வேளைக் கறவையில் மாதிரி எடுங்கள். ஒரு பசுவின் ஒரு நாள் எண்ணை மட்டும் நம்பித் தீவனத்தை மாற்றாதீர்கள். எண் மிகவும் தாழ்ந்தால் புரதம் போதவில்லை என்று பொருள். ஆகவே என்னைப் பார்த்துப் பிண்ணாக்கை ஒரேயடியாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

என் மனக்குறை ஒன்றுதான்: இரு வேளையும் நம் பாலைச் சோதிப்பவர்கள் கொழுப்பையும் எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் சீட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். யூரியாவை மட்டும் எண்ணாகச் சொல்லாமல் பழியாகச் சொல்கிறார்கள். ஆய்வறிக்கையைக் கொண்டுபோய், அன்று என்னைக் கேட்ட கொள்முதல்காரரிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, குழாயைக் கழுவப் போய்விட்டார்.