வாசகர் கேள்வி-பதில்: வீட்டிலேயே மேல்நிலை அறிவியல், எந்தப் பாடத்திட்டம்?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரிடமிருந்து வரும் கடிதங்களில் ஒன்பதாம் வகுப்பு அறிவியலைப் பற்றிய கவலைதான் அதிகம். அதுவரை பார்த்ததையும் செய்ததையும் வைத்து ஓட்டிவிடலாம். பிறகு கணக்கும் கருவிகளும் தேர்வும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இந்த முறை பாடத்திட்டத் தேர்வு குறித்த கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒரு பாடத்திட்டம் உயிரியலில் தொடங்கி வேதியியல், இயற்பியல் என்று போகிறது. இன்னொன்று இயற்பியலில் தொடங்குகிறது. எந்த வரிசை சரி?

இரண்டு வரிசையிலும் நன்றாகப் படித்து வந்த பிள்ளைகள் உண்டு. 1988இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற லியான் லெடர்மேன், இயற்பியலை முதலில் வைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். செல்லுக்குள் நடப்பது புரிய மூலக்கூறு தெரிய வேண்டும், மூலக்கூறு புரிய மின்னூட்டமும் ஆற்றலும் தெரிய வேண்டும் என்பது அவர் பக்க நியாயம். நியாயமான பேச்சுதான். ஆனால் உங்கள் வீட்டில் இதைத் தீர்மானிக்கப்போவது மகளின் கணக்கு.

ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுங்கள். இறுதி வேகம் என்பது தொடக்க வேகத்தோடு முடுக்கத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டியது என்றால், நேரத்தைத் தனியே பிரித்து எழுதச் சொல்லுங்கள். 3×10⁴ஐ 2×10⁻⁷ஆல் பெருக்கச் சொல்லுங்கள், விடை 6×10⁻³. 18 கிராம் நீர் ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) என்றால் 4.5 கிராம் எத்தனை மோல் என்று கேளுங்கள், கால் மோல். கர்ணம் 10 செ.மீ., ஒரு கோணம் 30 டிகிரி உள்ள செங்கோண முக்கோணத்தில் அந்தக் கோணத்துக்கு எதிர்ப்பக்கம் எவ்வளவு? 5 செ.மீ. கடைசியாக, ஒரு நேர்கோட்டு வரைபடத்தைக் கொடுத்துச் சாய்வு கேளுங்கள்.

நான்கு சரியாக வந்தால் இயற்பியலை இப்போதே தொடங்கலாம். மோல் கேள்வியில் தடுமாறினால் வேதியியலைத் தள்ளிப்போடுங்கள். விகிதக் கணக்கு கைவராத பிள்ளை வேதியியலை மனப்பாடம் செய்துதான் கடக்கும், அப்படிக் கடந்தது ஆறு மாதம்கூட நிற்காது. இரண்டுக்கும் குறைவாக வந்தால் உயிரியலில் தொடங்குங்கள். ஆனால் புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து வேண்டாம். பல உயிரியல் புத்தகங்கள் அணு, பிணைப்பு, என்சைம் என்றுதான் தொடங்கும். சூழலியல், வகைப்பாடு, உடல் மண்டலங்கள் ஆகியவற்றை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று வாரம் அடிப்படை வேதியியல் நடத்திவிட்டுச் செல் சுவாசத்துக்கும் மரபணுவுக்கும் போங்கள். பாட வரிசையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வீட்டில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

கேள்வி: பார்க்கிற புத்தகம் எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது. எனக்கு அறிவியல் பின்புலம் கிடையாது. நல்லது கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீண்ட காலமாகப் புத்தகத்துக்குப் புத்தகம் நகலெடுக்கப்பட்டு வரும் சில பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பாருங்கள். விமான இறக்கையின் மேலும் கீழும் பிரியும் காற்று, பின்முனையில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதால் மேல்காற்று வேகமாகப் போகிறது என்று எழுதியிருந்தால் அது தவறு. அப்படிச் சேர வேண்டிய கட்டாயமே இல்லை. உண்மையில் மேல்காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது. பருவ காலங்களுக்குச் சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரம்தான் காரணம் என்றால் அதுவும் தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரித் தொடக்கத்தில். காரணம் அச்சின் 23.4 டிகிரி சாய்வு. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் படம், சிரைகளில் ஓடும் ரத்தம் நீல நிறம் என்ற வரி ஆகியவையும் இதே ரகம். இப்படி இரண்டு கண்ணில் பட்டால் அந்தப் புத்தகம் வேண்டாம்.

அடுத்து, பதிப்பு ஆண்டு. இயக்கவியலுக்கு 20 வருடப் பழைய புத்தகம் இருந்தால்கூடக் குறையில்லை. உயிரியலுக்கு அப்படி இல்லை. மரபணுத் திருத்தத்தில் கிரிஸ்பர் முறை 2012க்குப் பிறகு வந்தது. வேதியியலில் 113, 115, 117, 118 எண்ணுள்ள தனிமங்களுக்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவை பெயர் பெற்றது 2016இல். பரிணாமத்தையும், பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பதையும் மறைக்கிற அல்லது மறுக்கிற புத்தகத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்காதீர்கள். பரிணாமம் இல்லாத உயிரியல், தனித்தனித் தகவல்களின் குவியலாகிவிடும். மேற்படிப்புக்குப் போகும் பிள்ளை அதை எல்லாம் முதலிலிருந்து கற்க வேண்டி வரும்.

உங்களைப் போன்றவர்களுக்குப் பாடநூலைவிட முக்கியம் விடைநூல். விடை எண்ணை மட்டும் தருவது போதாது, படிப்படியாகப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். பல புத்தகங்கள் ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு மட்டும் விடை தரும். முழு விடைநூலைப் பள்ளி ஆசிரியர் என்ற சான்றைக் காட்டினால்தான் தருகிற பதிப்பகங்களும் உண்டு. வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இலவசமாக வேண்டுமென்றால் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தரமானவை. ஆனால் பெரும்பாலானவை கல்லூரித் தொடக்க நிலைக்காக எழுதப்பட்டவை. செய்முறைகளுக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: பாடத்திட்டத்தோடு ஆய்வுப் பெட்டியும் விற்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில் எந்த அளவுக்குச் செய்முறை சாத்தியம்?

இயற்பியலுக்குப் பெட்டி தேவையே இல்லை. மீட்டர் அளவுகோல், நிறுத்துக் கடிகாரம், நூல், சுருள்வில், மல்டிமீட்டர், சில மின்தடைகள், ஒரு குவிலென்ஸ் இருந்தால் ஓராண்டுச் செய்முறை நடக்கும்.

தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை சரியாக 1 மீட்டர் அளக்க வேண்டும். நூலை மட்டும் அளப்பது முதல் தவறு. 10 டிகிரிக்குள் இழுத்துவிட்டால் 20 அலைவுகளுக்கு 40 விநாடி ஆகும். ஒரே அலைவை அளந்தால் விரல் அழுத்தும் தாமதமே விடையைக் கெடுத்துவிடும். 20 அலைவுகளில் அந்தப் பிழை இருபதில் ஒரு பங்காகிறது. கடிகாரத்தை அழுத்தும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குவது இரண்டாவது தவறு. அப்படி எண்ணினால் 19 அலைவுகளை 20 என்று எழுதுவோம். புவிஈர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதில் 10.9 என்று வரும். 'சுழி' என்று தொடங்க வேண்டும். 10.9 வந்த நாளில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிழை எங்கே என்று பிள்ளையே துருவிக் கண்டுபிடிக்கட்டும். ஒரு செய்முறையின் முழுப் பயனும் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

வேதியியலுக்குப் பெட்டி வாங்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். 0.1 கிராம் தராசில் 1 கிராம் பொருளை நிறுத்தால் பத்தில் ஒரு பங்கு சந்தேகம் அங்கேயே வந்துவிடும். 50 மில்லி லிட்டர் பியூரெட் (அடியில் திருகு வைத்த அளவுக்குழாய்), 25 மில்லி லிட்டர் பிப்பெட் (குறித்த அளவை எடுக்கும் குழாய்), கூம்புக் குடுவை, கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை இருக்கின்றனவா? பெட்டியில் வெறும் நிறம் மாறும் வேடிக்கைகள் மட்டும் இருந்தால் அது மேல்நிலைக்கு உதவாது.

நல்ல அளவறி சோதனைக்கு ஓர் உதாரணம்: வினிகரைத் தரம்பார்த்தல், அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதிலுள்ள அமிலத்தின் அளவைக் கண்டறிதல். 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் உள்ள வெள்ளை வினிகர் ஏறத்தாழ 0.83 மோலார் (லிட்டருக்கு 0.83 மோல்). 10 மில்லி லிட்டர் எடுத்து வாலைவடிநீர் சேர்த்து 100 ஆக்குங்கள். அதில் 25 மில்லி லிட்டரைக் கூம்புக் குடுவையில் எடுத்துப் பினாப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டால், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 21 மில்லி லிட்டர் அளவுக்குச் செலவாகும். வெளிர் இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் அதுதான் முடிவு; அதற்குப் பிறகு நிறம் மங்குவது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. சோடியம் ஹைட்ராக்சைடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 4 கிராம் நிறுத்து 1 லிட்டரில் கரைத்தாலும் கரைசல் 0.1 மோலாருக்குக் கீழேதான் இருக்கும். அதனால் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற அமில உப்பை வைத்து அதன் செறிவை முதலில் உறுதிசெய்ய வேண்டும், 0.51 கிராம் தாலேட்டுக்குச் சரியான 0.1 மோலார் கரைசல் 25 மில்லி லிட்டர் செலவாகும். கூம்புக் குடுவையை வினிகர்க் கரைசலால் அலசினால் அளவு கூடும். வாலைவடிநீரால் மட்டும் அலச வேண்டும். பியூரெட்டை அதற்கு நேர்மாறாக, அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். அதன் முனையில் காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு தவறும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாதவை சில உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே மருத்துவ உதவி தேட வேண்டும். சலவைப் பிளீச்சும் அமிலமும் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். அடர் அமிலங்கள், பாதரசம், குரோமேட் உப்புகள் வேண்டாம். மெத்தனாலைத் திறந்த கிண்ணத்தில் எரித்து வண்ணச் சுடர் காட்டும் சோதனை பாடத்திட்டத்தில் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். மெத்தனாலைத் திரும்ப ஊற்றும்போது தீ பாய்ந்து மாணவர்கள் கருகிய விபத்துகள் நடந்திருக்கின்றன.

உயிரியலில் பணத்தை நுண்ணோக்கியில் போடுங்கள். 1200 மடங்கு என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம். 4, 10, 40 மடங்குப் பொருளருகு லென்ஸுகள், 10 மடங்குக் கண்ணருகு லென்ஸ், ஒளியைக் கட்டுப்படுத்தும் துளைத்தகடு, நுண்திருகு இருந்தால் போதும். 400 மடங்கு வரை கிடைக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் 'ஒன்றும் தெரியவில்லை' என்றால் பெரும்பாலும் நேராக 40 லென்ஸில் தொடங்கியிருப்பார்கள், அல்லது துளைத்தகட்டை அகலத் திறந்து வைத்திருப்பார்கள். 4இல் தொடங்கி, ஒளியைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெங்காயச் சவ்வை மடிப்பில்லாமல் விரித்து அயோடின் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்கினால் குமிழி வராது.

கேள்வி: கணினிப் பாவனைச் சோதனைகள் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு?

கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் பாவனைகள் உண்மையிலேயே அருமையானவை. கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானையும் மின்புலத்தையும் காட்ட அவற்றை விட்டால் வழியில்லை. ஆனால் திரையில் ஊசல் எப்போதும் சரியாகவே ஆடும். யாரும் 'ஒன்று' என்று தப்பாக எண்ணுவதில்லை. கருத்துக்குப் பாவனை, அளவீட்டுக்குக் கை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் தனித்தேர்வராக எழுதப்போகிறான். பாடத்திட்டத்தை முதலில் தேர்ந்தெடுப்பதா, தேர்வையா?

தேர்வையும் தேர்வு மையத்தையும். செய்முறைத் தேர்வில்தான் தனித்தேர்வர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ. அறிவியல் பாடங்களில் ஆய்வகத்தில் செய்யும் 5ஆம் தாளுக்குப் பதிலாக, எழுத்தில் எழுதும் 6ஆம் தாளைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்த கட்டமான ஏ லெவலில் அந்த வசதி இல்லை; 3ஆம் தாளை ஆய்வகத்தில்தான் செய்தாக வேண்டும், அதற்கு வெளி மாணவரைச் சேர்க்கிற மையம் கிடைக்க வேண்டும். இன்னொரு தேர்வு வாரியமான பியர்சன் எடெக்ஸலின் சர்வதேச ஏ லெவலில் செய்முறைத் திறனும் எழுத்துத் தாளாகவே இருக்கிறது. மையத்திடம் எழுத்தில் உறுதி வாங்கிய பிறகு, உங்கள் மகன் தேர்வு எழுதும் ஆண்டுக்கான பாடத்திட்ட ஆவணத்தை இறக்கிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் புத்தகத்தை வாங்குங்கள். எழுத்துத் தாள்தானே என்று செய்முறையை விட்டுவிடாதீர்கள். அதில் வரும் கேள்விகள் 'இந்த அளவீட்டில் எங்கே பிழை வரும், எப்படிக் குறைப்பாய்' என்ற வகை. பியூரெட்டைத் தொடாத பிள்ளைக்கு அந்த விடை தோன்றாது.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? புத்தகத்தை முழுதாக முடிக்க வேண்டுமா?

ஒரு பாடத்துக்கு வாரம் 5 மணி நேரம், 36 வாரம் என்றால் 180 மணி. அதில் 35 மணியைச் செய்முறைக்கு ஒதுக்குங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு பாடத்துக்கான நேர அளவான கார்னகி அலகு 120 மணி என்பதால் இது தாராளமே.

முடிக்கத் தேவையில்லை, ஆனால் எதை விடுவது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். கடைசியில் நேரம் போதாமல் விட்டால், கைவிடப்படுவது எப்போதும் புத்தகத்தின் இறுதிப் பாடங்களாகவே இருக்கும். இயற்பியலில் அது மின்காந்தமும் அணுக்கருவும். அவற்றை விடக்கூடாது. திரவ இயக்கவியலையும் ஒளியியல் கருவிகளையும் சுருக்கிக்கொள்ளலாம். வேதியியலில் மோலுக்கும் சமன்பாட்டுக் கணக்குக்கும் புத்தகம் இரண்டு வாரம் கொடுத்திருந்தால் நீங்கள் நான்கு வாரம் கொடுங்கள். கரைசல், வாயு விதிகள், தரம்பார்த்தல், சமநிலை என்று பின்னால் வருகிற எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. நான்காவது வார இறுதியில், '10 கிராம் கால்சியம் கார்பனேட் முழுதாகச் சிதைந்தால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும்?' என்று கேளுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் 4.4 என்று போட்டு, ஏன் என்றும் சொன்னால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.