காலையிலதானே சொன்னேன்!

வணக்கம் மேடம்,

ஜெனரல் மெடிசின் வார்டுல வேலை பாக்குறேன், எந்நேரமும் 30, 35 பேஷண்ட். வைத்தியத்தை விட அட்டெண்டர்ஸுக்குப் பதில் சொல்றதுலதான் ஆள் ஓய்ஞ்சுடறேன். காலையில மகன்கிட்ட சொன்னதை மத்தியானம் மருமகன் கேக்கறார், ராத்திரி சித்தப்பா போன் பண்றார். போன வாரம் ஒருத்தரை "காலையிலதானே சொன்னேன்"னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். அவர் ஒண்ணும் பேசாம தலையைக் குனிஞ்சுட்டுப் போயிட்டார், அது இன்னும் உறுத்துது. இதை எப்படி சமாளிக்கறது? என் நம்பரைக் கொடுத்துடலாமா?

இப்படிக்கு, ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதல்ல அவரைப் பாத்துப் பேசிடுங்க. "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது", அவ்வளவு போதும், வேலை ஜாஸ்தின்னு விளக்கமெல்லாம் வேண்டாம்.

சொன்னதையே திரும்பக் கேக்கறாங்கன்னா நாம சொன்னது மனசுல நிக்கலைன்னு அர்த்தம். கிரியேட்டினின் ஏறியிருக்கு, யூரின் கம்மி, டயாலிசிஸ் தேவைப்படலாம்னு ரவுண்ட்ஸுக்கு நடுவுல ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடறோம், டயாலிசிஸ்னு காதுல விழுந்ததுமே அவங்களுக்கு மத்தது எதுவும் ஏறாது. சில நேரம் கேக்கற கேள்வியே வேற எதுக்கோ இருக்கும். ஐசியூல ஒரு அம்மா வென்டிலேட்டர்ல இருந்தாங்க, அவங்க பொண்ணு ஒரே சாயங்காலத்துல நாலு தடவை "பிரஷர் எவ்வளவு டாக்டர்"னு கேட்டா. நாலாவது தடவை எனக்கும் எரிச்சல்தான், ஆனா காலும் வலிச்சதால பக்கத்து நாற்காலியில உக்காந்துட்டேன். அப்பத்தான் அவ கையைப் பாத்தேன், கைக்குட்டையில சுத்தி ஒரு மூக்குக்கண்ணாடி. "அம்மாவுக்கு இது இல்லாம ஒண்ணும் தெரியாது டாக்டர், கண்ணு முழிச்சா பயந்துடுவாங்க"ன்னா. கண்ணாடியை வாங்கி சிஸ்டர்கிட்ட கொடுத்து, அம்மா முழிச்சதும் முதல்ல இதைப் போட்டு விடுங்கன்னு அவ முன்னாடியே சொன்னேன். அன்னைக்கு அதுக்கப்புறம் அவ பிரஷரைக் கேக்கவே இல்லை.

2007-ல பிரான்ஸ்ல 22 ஐசியூக்கள் சேர்ந்து பண்ணின ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. பிழைக்க வாய்ப்பில்லாத 126 பேஷண்ட்டோட குடும்பங்கள். பாதிப் பேர்கிட்ட வழக்கம் போலப் பேசினாங்க, மீதிப் பேரை நிறையப் பேச விட்டுக் கேட்டாங்க, துக்கத்தைப் பத்தி ஒரு சின்ன கையேடும் கொடுத்தாங்க. வழக்கமான மீட்டிங் 20 நிமிஷம்னா இது 30 நிமிஷம் ஆச்சு, ஆனா குடும்பத்துக்காரங்க பேசினது 5 நிமிஷத்துக்குப் பதிலா 14 நிமிஷம், அதாவது கூடின நேரம் கிட்டத்தட்ட முழுசும் அவங்க பேசினதுதான், டாக்டர் ஒண்ணும் ரொம்ப அதிகமாப் பேசிடலை. 90 நாள் கழிச்சு விசாரிச்சப்போ இவங்களுக்குப் பதற்றமும் மன அழுத்தமும் குறைவா இருந்துச்சு.

35 பேருக்கு அரை மணி நேரம் எங்க போறதுன்னு கேப்பீங்க, நியாயம்தான். எல்லாருக்கும் வேண்டாம். நிலைமை மோசமா இருக்கற ரெண்டு மூணு பேரோட ஆளுங்களைத் தனியா உக்கார வச்சுப் பேசுங்க, ஆரம்பிக்கும்போதே "இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க"ன்னு கேட்டுடுங்க, எங்க இருந்து தொடங்கணும்னு அதுலயே தெரிஞ்சுடும். மத்த குடும்பங்கள்ல ஒரு ஆளை அவங்களையே சொல்லச் சொல்லி, பேரையும் போன் நம்பரையும் கேஸ் ஷீட் முதல் பக்கத்துல எழுதி வைங்க. பேஷண்ட் நினைவோட இருந்தா யார்கிட்ட சொல்லலாம்னு அவரைத்தான் கேக்கணும், இதை நம்மள்ல பாதிப் பேர் மறந்துடறோம். வெளியூர்லருந்து கடைசியா வந்து சத்தம் போடற மகன் மேல கோபப்படாதீங்க, கூட இருக்க முடியலைங்கற குற்ற உணர்ச்சிதான் பல நேரம் அப்படிப் பேச வைக்குது.

எல்லாத்தையும் விட, அடுத்து எப்போ பேசுவேன்னு நேரம் சொல்லிடுங்க. அஞ்சு மணின்னா அஞ்சு மணிக்குப் போய் நில்லுங்க, புதுசா ஒண்ணும் இல்லைன்னாலும் "காலையில இருந்த மாதிரியேதான் இருக்கார்"னு சொல்லிட்டு வாங்க. அந்த நேரம் தெரியாததாலதான் ஆளாளுக்குக் கதவுகிட்ட நிக்கறாங்க. எமர்ஜென்சியில மாட்டிக்கிட்டா சிஸ்டரை விட்டாவது "டாக்டர் வர லேட் ஆகும்"னு சொல்லச் சொல்லுங்க.

சொந்த நம்பர் கொடுக்க வேண்டாம். ராத்திரி தூக்கம் கெட்டா மறுநாள் வார்டுல இன்னொருத்தர் மேலதான் எரிஞ்சு விழுவீங்க. வார்டு நம்பரைக் கொடுங்க, டியூட்டி மாறும்போது யார்கிட்ட என்ன சொல்லியிருக்கீங்கன்னு ரெண்டு வரி எழுதி வச்சுட்டுப் போங்க, நைட் டியூட்டி டாக்டர் வேற மாதிரி சொல்லி அவங்களைக் கலங்க வச்சுடக் கூடாது.