துப்பாக்கிப் புகை வீட்டுக்குள் வரக் கூடாது

சென்ற இதழில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நான் பார்த்த ஒரு வேட்டைக்காரர் வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். என் மகள் குடியிருக்கும் தெருவில்தான் அவர் வீடும் இருக்கிறது. பெரிய கூடம் முழுக்கப் பாடம் செய்த விலங்குகள். கூடத்தின் கோடியில் ஒரு கதவு, அதற்கு அப்பால் அவருடைய சொந்தச் சுடுதளம், அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் அறை. ஏர்கான், காற்றோட்ட வேலையிலேயே ஆயுளைக் கழித்தவன் நான் என்பதால் மகள் என்னை அங்கே அழைத்துப் போனாள். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அந்தக் கூடத்தில் என்னென்ன விலங்குகள் இருந்தன? பார்த்தபோது மனம் வலிக்கவில்லையா? (வாசகி, செங்காங்)

வலித்தது அம்மா. ஆப்பிரிக்காவின் முறுக்குக் கொம்பு மான்கள், ஒரு கருங்கரடி, தரையில் விரித்த வரிக்குதிரைத் தோல் எல்லாம் இருந்தன. அவற்றைக் கடந்து போய்விட்டேன். என்னை நிறுத்தி வைத்தது ஒரு வெளிமான். கோடியக்கரையில் மேய்கிறதே, சென்னை கிண்டியில்கூட உண்டே, அதே கறுப்பு முதுகு, அதே திருகுக் கொம்பு. பக்கத்துச் சுவரில் நம் புள்ளிமான். 1930களில் இந்த மான்களை டெக்சாஸ் பண்ணைகளில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அவை பெருகி, இன்று பணம் கட்டினால் சுடலாம் என்ற நிலையில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த விலங்கு என்பதால் அந்த மாநிலம் அவற்றுக்கு வேட்டைப் பருவமும் வகுக்கவில்லை, எண்ணிக்கை வரம்பும் வைக்கவில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வெளிமானைத் தொட்டாலே சிறை என்கிறது.

அந்த மனிதரிடம் நான் மதித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு விலங்கின் பின்னாலும் எந்த இடம், எந்தத் தேதி என்று கைப்பட எழுதிய சீட்டு இருந்தது. சீட்டு இல்லாத கொம்பு வெறும் அலங்காரப் பொருள். நம் சிங்கப்பூரின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகக் காலத்துப் பறவைத் தோல்கள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுவதற்குக் காரணம் அந்தச் சீட்டுகள்தாம்.

கதவருகே நின்ற விலங்குகள்மேல் மட்டும் சாம்பல் நிறத் தூசி என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். அது என்ன தூசி? (வாசகர், தெம்பனிஸ்)

ஈயம்.

தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டி மருந்தில் ஈயச் சேர்மம் உண்டு. குண்டே பெரும்பாலும் ஈயம். சுட்ட கணத்தில் அது புகையாகவும் கண்ணுக்குத் தெரியாத பொடியாகவும் சுடுபவரின் முகத்துக்கு நேரே எழும்புகிறது. எதிரே குண்டு போய் மோதும் தடுப்பில் இன்னும் கொஞ்சம் பொடி. அதனால் மூடிய சுடுதளத்தில் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து புறப்பட்டு, சுழலாமல், ஒரே சீராக இலக்கை நோக்கி ஓட வேண்டும். அமெரிக்கப் பணியிட நல ஆய்வுக் கழகம் சொல்லும் வேகம் நிமிடத்துக்கு 75 அடி. மூன்று மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள சிறிய அறைக்கே விநாடிக்கு ஏறக்குறைய 3 கனமீட்டர் காற்று வேண்டும். அத்தனையையும் குளிரூட்டி உள்ளே அனுப்பி, மறுமுனையில் நுண்வடிகட்டி வழியாக வெளியேற்ற வேண்டும். உள்ளே வருவதைவிட வெளியே போவது சற்று அதிகமாக இருப்பது கட்டாயம். அப்போதுதான் கதவு இடுக்கு வழியாகக் கூடத்துக் காற்று சுடுதளத்துக்குள் இழுக்கப்படும், அங்குள்ளது இங்கே வராது.

துப்பாக்கி எதுவும் சுடாத நேரத்தில், கூடத்துப் பக்கம் நின்று கதவின் அடி இடுக்கில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை கதவுக்குள் போயிருக்க வேண்டும். என் முகத்துக்குத் திரும்பி வந்தது. வெளியேற்றும் விசிறியின் வடிகட்டி அடைத்துக்கொண்டு, சுடுதளக் காற்றெல்லாம் கூடத்துக்குள் தள்ளப்பட்டிருக்கிறது. கடையில் விற்கும் ஈயச் சோதனைக் குச்சியால் கரடியின் மூக்கைத் தேய்த்ததும் குச்சி சிவந்தது. வரிக்குதிரைத் தோலிலும் அப்படியே. அந்தத் தோல்மேல்தான் அவருடைய பேரப்பிள்ளைகள் படுத்து விளையாடுவார்கள்.

குழந்தை உடம்பு ஈயத்தை நம்மைவிட வேகமாக உறிஞ்சும், அது மூளையைத் தாக்கும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்றிருந்த அளவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் 3.5 ஆகக் குறைத்தது. அதற்காக 3.5க்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று யாரும் சொல்வதில்லை. அவர் அன்றே கதவைப் பூட்டினார், பிள்ளைகளை மருத்துவரிடம் காட்டினார். விசிறியை மாற்றி, நடுவில் இரட்டைக் கதவுள்ள சிற்றறை ஒன்றைக் கட்டிய பிறகே மறுபடி திறந்தார்.

எங்கள் தரைவீட்டில் அடித்தள அறை காலியாக இருக்கிறது. தேசிய சேவையில் குறி தவறாமல் சுட்டவன் நான். 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுதளம் அமைக்கலாமா? (வாசகர், சிராங்கூன் கார்டன்ஸ்)

வேண்டாம் தம்பி. ஏர் ரைபிளும் நம் சட்டத்துக்குத் துப்பாக்கிதான். காவல்துறை உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டம், உரிமமில்லாத துப்பாக்கிக்கு 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கிறது. டெக்சாஸில் வீட்டுக்குள் செய்வதை நாம் இங்கே மன்றத்தில் சேர்ந்து செய்கிறோம், எனக்கு அதுவே சரியென்று படுகிறது. பழைய சுவா சூ காங் சாலையில் தேசியத் துப்பாக்கிச் சுடும் மையம் இருக்கிறது. சிங்கப்பூர் ரைபிள் சங்கம் 1871லேயே தொடங்கியது. ஏர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் அதில் தங்கம் வென்றவர் நம் மார்ட்டினா வெலோசோ. பயிற்றுநர் பக்கத்தில் நின்று மூச்சையும் தோளையும் திருத்தினால்தான் அந்தப் புள்ளி வசப்படும். அடித்தளத்தில் தனியாக நின்று கற்றுக்கொள்ளும் வித்தை இல்லை இது.

ராஃபிள்ஸ் ஹோட்டலில் புலியைச் சுட்டது உண்மையா தாத்தா? (மாணவன், ஈசூன்)

உண்மைதான் கண்ணு. 1902இல், பில்லியர்ட்ஸ் அறையின் அடியில். ஆனால் அது காட்டுப்புலி இல்லை, வித்தை காட்டும் கூட்டத்திலிருந்து தப்பி வந்தது. நம் தீவின் கடைசிக் காட்டுப்புலியைச் சுட்டது 1930இல், சுவா சூ காங்கில்.

ஜொகூர் தோட்டத்தில் இருந்த என் தாத்தாவின் கடமான் தலை எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவரில் இருக்கிறது. முடி உதிர்கிறது, கண்ணோரம் தோல் வெடிக்கிறது. பூச்சி மருந்து அடிக்கலாமா? (வாசகி, பிடோக்)

எதுவும் அடிக்காதீர்கள். முதலில், அது இருக்கும் அறையில் இரவில் ஏர்கான் ஓடி, பகலில் அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். தோல் இரவில் காய்ந்து சுருங்கும், பகலில் ஈரம் ஏறி உப்பும். தினம் அப்படி நடந்தால் மெல்லிய கண்ணோரத் தோல்தான் முதலில் வெடிக்கும். ஏர்கான் இல்லாத, வெயில் படாத, சமையலறைக்குத் தள்ளிய சுவருக்கு மாற்றுங்கள். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று பக்கத்தில் ஓடட்டும்.

அடுத்தது முக்கியம். அந்தக் காலத்தில் பாடம் செய்தவர்கள் தோலின் உட்புறம் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவுவார்கள். பூச்சி வராமல் காத்தது அந்த விஷம்தான், இன்றும் அது அங்கேயே இருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் தட்டாதீர்கள், பிள்ளைகள் படுக்கும் அறையில் மாட்டாதீர்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு உதிர்ந்த முடியை ஈரத் துணியால் எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். முடியோடு சிறு பழுப்புப் புழுக்கூடுகளும் கிடந்தால் தோல்வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைப்பதுதான் அதற்கு வழி. கொம்போடு வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் நுழையாது, உணவோடு வைக்கவும் கூடாது. பாடம் செய்யும் தொழிலில் இருப்பவரிடம் கேளுங்கள். தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு வாங்கினார் என்பது அம்மாவுக்கு நினைவிருக்கும்போதே எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

என் அண்ணன் வெளிநாட்டில் ஒரு பணக்காரர் வீட்டுச் சுடுதளத்தைப் பெருக்கும் வேலையில் இருக்கிறார். வயிற்றுவலி, மலச்சிக்கல், எப்போதும் அசதி என்கிறார். உங்கள் கட்டுரையைப் படித்ததும் பயமாகிவிட்டது. (வாசகர், லிட்டில் இந்தியா)

தம்பி, உங்கள் பயம் நியாயமானது. சுடுபவர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். அந்தப் பொடியைக் கூட்டி அள்ளுபவர்தான் அதிகம் சுவாசிக்கிறார். நீங்கள் எழுதிய மூன்று தொல்லையும் ஈயத்தாலும் வரும், வேறு காரணத்தாலும் வரும். எதனால் என்பதை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனைதான் சொல்லும். சாதாரண ரத்தச் சோதனையில் அது தெரியாது. மருத்துவரிடம் தன் வேலை என்னவென்று சொல்லி, ஈயப் பரிசோதனை வேண்டுமென்று பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஏறிய ஈயம் சில மாதங்களில் இறங்கிவிடும். எலும்பில் தங்கியது பல ஆண்டு கிடக்கும். அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

துடைப்பத்தை அவர் இனி தொடக் கூடாது. காய்ந்த தரையைக் கூட்டினால் படிந்த பொடி மறுபடி மூக்குக்குத்தான் வரும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அல்லது நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால் எடுக்க வேண்டும். விசிறி ஓடாமல் உள்ளே நுழையக் கூடாது. பொடி வடிகட்டும் சுவாசக் கவசம் வேண்டும், கைக்குட்டை உதவாது. உள்ளே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வேலைச் சட்டையையும் காலணியையும் அங்கேயே கழற்றிவிட்டு, கை முகம் கழுவி, குளித்த பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். சட்டையை அறைக்கு எடுத்து வந்து மற்றவர் துணியோடு துவைத்தால் கூட இருப்பவர்களுக்கும் அது பரவும்.

சிங்கப்பூரில் ஈயத்தோடு வேலை செய்பவருக்கு முதலாளி மருத்துவப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அண்ணன் இருக்கும் நாட்டில் அந்த விதி எப்படியிருந்தாலும், முடிவு வரும்வரை அந்த அறைக்குள் போகாமல் தோட்ட வேலையோ கார் கழுவும் வேலையோ கேட்கட்டும். மறுத்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவுக்கு எழுதுங்கள். கடிதம் எழுத நான் உதவுகிறேன். பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் அதிலுள்ள எண்ணை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், அடுத்த இதழுக்குக் காத்திராமல் நேரடியாகப் பதில் போடுகிறேன்.